560 மூட்டை: காவிரி டெல்டாவில் ஆறு நாள்

முதல் நாள்: கும்பகோணம்

உழவன் எக்ஸ்பிரஸ் கும்பகோணத்தில் இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. டிகிரி காபி என்று போர்டு மாட்டியிருக்கும் கடை எதிலும் குடிக்காதே என்பது அம்மாவின் கட்டளை. குடித்தேன். அம்மா சொன்னது சரிதான்.

எங்கள் ஊர் அரசலாற்றங்கரையில் இருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று முன்பக்கம் தாத்தாவின் அப்பா கட்டிய ஓட்டு வீடு. பின்கட்டில் சமையலறையும் மாட்டுக் கொட்டகையும். கொட்டகையில் பாதி விழுந்துவிட்டது. எல்லாமே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சித்தப்பாவும் சித்தியும் மட்டும் இருக்கிறார்கள். நானும் தம்பியும் பொங்கலுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவதோடு சரி.

காபி ஆறுவதற்குள் சித்தப்பா ஒரு தாளை நீட்டினார். காண்ட்ராக்டர் கொடுத்த கொட்டேஷன். பழையதை முழுக்க இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, கீழே 800, மாடியில் 600, ஆக 1,400 சதுர அடி. மாடி எங்களுக்காம். வருஷத்தில் நாலு நாள் வருகிறவர்களுக்கு 600 சதுர அடி.

சென்னையில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் எஸ்டிமேட் போடுவதுதான் என் பிழைப்பு. சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், 4 கிலோ கம்பி என்பது எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. 1,400 என்றதும் மனசு போட்டுவிட்டது: 560 மூட்டை, அதாவது 28 டன். கம்பி ஐந்தரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே.

அடுத்த கணக்கு ஆபீஸில் யாரும் போடச் சொல்லாதது. சாம்பல் கலந்த சிமெண்டாகவே இருந்தாலும் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 600 கிலோ கரியமில வாயு. 28 டன்னுக்கு 17 டன். கம்பிக்கு இன்னொரு 12 டன் சேர்த்துக்கொள்ளுங்கள். சராசரி இந்தியர் ஒருவர் கணக்கில் வருவது வருஷத்துக்குச் சுமார் இரண்டு டன். அப்படியானால் வீடு கட்டி முடிப்பதற்குள் ஒரு ஆளின் பதினாலு வருஷக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. நாம் சதா திட்டும் விமானங்களின் பங்கு இதைவிடக் குறைவு.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கணக்கெல்லாம் சரி பாப்பா. ஓடு மாத்த ஆள் வரானா, அதைச் சொல்லு. பெரட்டிப் போட வந்துகிட்டிருந்த ஆளு போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. குரங்கு வேற வந்து ஒவ்வொண்ணா எடுத்து உடைக்குது. மழைக்கு நாலு இடத்துல சட்டி வைக்கிறேன். உன் கரியமில வாயுவுக்கு எத்தனை சட்டி வைக்கணும்?"

பதில் இல்லை. ஆறு நாள் லீவு இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எதையெல்லாம் வைத்து வீடு கட்டுகிறார்கள், எதை வைத்துக் கட்டலாம் என்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "சுத்திட்டு வா, பூமி பூஜைக்கு நாள் பாத்துட்டேன்" என்றார்.

இரண்டாம் நாள்: அரியலூர்

சிமெண்ட் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து ஆரம்பிப்பது என்று சோழபுரம், திருப்பனந்தாள் வழியாக அணைக்கரைக்குப் பஸ். கொள்ளிடத்தின் மேல் 1836ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை இங்கேதான். போர்ட்லண்ட் சிமெண்ட் நம் பக்கம் தலைகாட்டாத காலம். அதைக் கட்டியது சுண்ணாம்புக் கலவையை நம்பித்தான். கட்டுவதற்கு முன்னால் காட்டன் கல்லணைக்குப் போய், ஆழம் தெரியாத மணலில் கல்லைப் போட்டு எப்படி நிற்க வைத்தார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொண்டவர். அதை அவரே ஒப்புக்கொண்டும் இருக்கிறார்.

கொள்ளிடத்தைத் தாண்டினால் டெல்டா முடிந்தது என்று கண்ணே சொல்லிவிடும். பச்சை நின்று செம்மண்ணும் முந்திரியும் வரும். ஜெயங்கொண்டத்துக்கு அப்புறம் எதிரே வருவதெல்லாம் தார்ப்பாய் போட்ட டிப்பர் லாரி. சாலையோர வேப்பமரத்துக்கும் வெள்ளைப் பவுடர் பூசிவிட்டிருக்கிறது.

அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடி. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகக் கண்ணுக்கே தெரியும். ஏறக்குறைய ஏழு கோடி வருஷத்துக்கு முந்திய சிப்பிகள். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் புதைபடிவத்தைப் பார்த்த ஒரு பள்ளிக்கூடப் பையன் "சார், முறுக்கு" என்றான். வாத்தியார் அடக்கினார். எனக்கும் முறுக்காகத்தான் தெரிந்தது.

இந்தச் சிப்பிகள் உடம்பில் பிடித்து வைத்திருந்த கரியைத்தான் நாம் இப்போது அவிழ்த்து விடுகிறோம். 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். அடுப்புக்கு என்ன விறகு வைக்கிறோம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நாளைக்கே நிலக்கரியைத் தலைமுழுகிவிட்டுச் சூரிய சக்தியில் சுட்டாலும் அந்த 44 கிலோ போகும். சிமெண்ட் ஆலை வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ அறுபது சதவீதம் இப்படிக் கல்லுக்குள்ளிருந்தே வருவது. மிச்சம்தான் உலையை 1,450 டிகிரிக்குச் சூடாக்க எரிக்கும் எரிபொருளிலிருந்து. மின்சாரக் கார் மாதிரி எஞ்சினை மாற்றித் தப்பிக்கிற விஷயம் இல்லை. சாமானையே மாற்ற வேண்டும்.

அதாவது உலையில் சுட்டு வரும் கட்டியை, கிளிங்கர் என்பார்கள், குறைத்து, வேறு எதையாவது கலக்க வேண்டும். இதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். கடையில் வாங்கும் பிபிசி (PPC) வகைச் சிமெண்ட் மூட்டையில் 15லிருந்து 35 சதவீதம் வரை அனல் மின்நிலையச் சாம்பல் இருக்கலாம் என்பது விதி. பிஎஸ்சி என்று எழுதியிருந்தால் இரும்பாலைக் கசடு, 70 சதவீதம் வரைக்கும்கூட. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு சிமெண்ட் கடைக்காரரிடம் எது அதிகம் போகிறது என்று கேட்டேன். "பிபிசிதான். ஆனா கான்க்ரீட் போடுற அன்னிக்கு மட்டும் 53 கிரேடு கேப்பாங்க, தளம்னா பயம்" என்றார். 53 கிரேடு என்றால் சாம்பல் கலக்காத சிமெண்ட்.

ஒரு சிக்கல் இருக்கிறது. சாம்பல் நிலக்கரியின் பிள்ளை. நிலக்கரியை நிறுத்து என்று ஒரு கையால் கொடி பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அதன் சாம்பலைக் கேட்க முடியாது. அதனால்தான் எல்சி3 என்ற புதுவகையைப் பற்றி எங்கள் தொழிலில் இவ்வளவு பேச்சு. பாதிதான் கிளிங்கர். 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல், 5 சதவீதம் ஜிப்சம். களிமண்ணுக்கு 700, 800 டிகிரி போதும், சுடும்போது அதிலிருந்து வெளியேறுவது பெரும்பாலும் நீராவி. சாதாரண சிமெண்டோடு பார்த்தால் 40 சதவீதம் வரை கரியமில வாயு குறையும். சுவிட்சர்லாந்தும் கியூபாவும் நம்முடைய ஐஐடிகளும் சேர்ந்து உருவாக்கியது. சென்னை ஐஐடிக்கும் பங்கு உண்டு. 2023ல் ஐஎஸ் 18189 என்று இந்தியத் தரவிதியும் வந்துவிட்டது.

களிமண் என்றதும் டெல்டாக்காரிக்கு வாயெல்லாம் பல். ஆனால் ஆசைப்பட்டுப் பிரயோசனம் இல்லை. எல்சி3க்கு வேண்டியது கயோலின் நிறைந்த வெள்ளைக் களிமண். நம் வயல் களி வேறு சாதி: வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊதும். புது வீடுகளின் அஸ்திவாரத்தைத் தூக்கிச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விடவைப்பது அதுதான். நெல்லுக்குத்தான் லாயக்கு.

மூன்றாம் நாள்: மன்னார்குடி சாலை

நெல்லுக்கு லாயக்கு என்று எழுதி முடித்துப் படுத்த பிறகுதான் உறைத்தது: உமி!

சம்பா அறுவடை முடியும் நேரம். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் ஒரு நவீன அரிசி ஆலைக்குள் தெரிந்தவர் மூலமாக நுழைந்தேன். வாசலில் நெல் லாரி வரிசை. பின்பக்கம் போனால் ஒரு கரும்மலை. பாய்லரில் உமியை எரித்து, அந்த நீராவியில் நெல்லை அவிக்கிறார்கள்; எரிந்த உமியின் சாம்பல் பின்னால் குவிகிறது.

"எடுத்துக்கிட்டுப் போறீங்களாம்மா? லாரி மட்டும் கொண்டாங்க, காசே வேணாம்" என்றார் சூப்பர்வைசர். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காற்றடித்தால் பக்கத்துத் தெருத் துணியெல்லாம் கறுக்கிறது, தினமும் சண்டை என்றார்.

ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் 85, 90 சதவீதம் சிலிக்கா. பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சித் தனக்குப் போட்டுக்கொண்ட கவசம். நெல்லின் மேல்தோல் கையைக் கிழிப்பது அதனால்தான். சிமெண்டில் தண்ணீர் ஊற்றியதும் பசையோடு கூடவே கொஞ்சம் சுண்ணாம்பும் உண்டாகும். அது பாட்டுக்குக் கிடக்கும், பலத்துக்குப் பெரிதாக உதவாது. நல்ல சிலிக்காத் தூள் பக்கத்தில் இருந்தால் அந்தச் சுண்ணாம்பைத் தின்று இன்னும் கொஞ்சம் பசையாக்கிவிடும். அப்போது சிமெண்டைக் குறைத்துப் போடலாம். நம் கொத்தனார்கள் சுண்ணாம்பில் செங்கல் தூளை, அதான் சுர்க்கியை, கலந்ததும் இதே வித்தைதான்.

அப்படியானால் இந்தக் கரும்மலை ஏன் சும்மா கிடக்கிறது? ஒரு பிடி அள்ளிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கறுப்பாக இருக்கிறது என்றால் முழுசாக எரியவில்லை, கரி மிச்சம் இருக்கிறது. கரி, கலவையில் இருக்கும் தண்ணீரைக் குடித்துவிடும். சரி, நன்றாக எரித்துவிடலாம் என்று சூட்டை ஏற்றினால் இன்னொரு வினை. 600, 700 டிகிரி வரை சிலிக்கா பசியோடு இருக்கும். அதற்கு மேலே ஏற ஏறப் படிகமாகிச் சோம்பேறியாகிவிடும், சுண்ணாம்பைச் சீந்தாது. பாய்லரை வடிவமைத்தவருக்குத் தேவை நீராவி. சாம்பலின் பசியைப் பற்றி அவருக்கென்ன கவலை? உலையைத் திருத்த வேண்டும், சாம்பலை மாவாக அரைக்க வேண்டும், ஒவ்வொரு லோடையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஆலைக்கு இதெல்லாம் கட்டாது. நாலு ஆலை சேர்ந்தால் கட்டுமோ என்னவோ, யாராவது உட்கார்ந்து எஸ்டிமேட் போட வேண்டும். போட வேண்டியது என்னைப் போன்றவர்கள்தான், தெரிகிறது.

வழியில் ஒரு செங்கல் காளவாய். நாட்டுச் சூளை. சீமைக்கருவேல விறகு, இடைவெளியில் உமி. வண்டலை மிதித்து, அறுத்து, காயவைத்து, அடுக்கி... வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்பதற்குள் புகை தொண்டையை அடைத்துவிட்டது. அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை மூக்கில் சுற்றியிருந்தார்கள். அதிக நேரம் நிற்கவில்லை.

ராத்திரி தம்பி போன் செய்தான். நேற்றைய பதிவைப் படித்தானாம். "அக்கா, சாம்பல் கலந்தா வீக்குனு எல்லாரும் சொல்றாங்களே?"

வீக் இல்லை, நிதானம். என் முதல் வேலையில், பெயர் வேண்டாம், ஒரு சைட்டில் சாம்பல் சிமெண்டில் தளம் போட்டார்கள். சிமெண்டோடு சாம்பல், கசடு மாதிரிச் சரக்கு கலந்திருந்தால் குறைந்தது பத்து நாள் நனைக்க வேண்டும் என்கிறது ஐஎஸ் 456 என்ற கான்க்ரீட் தரவிதி. அங்கே நாலாம் நாளே தண்ணீர் நின்றுவிட்டது, லாரித் தண்ணீர் காசு. சென்ட்ரிங்கையும் அவசரமாகப் பிரித்தார்கள். தளம் முழுக்க மயிர்க்கோடு. பழி சிமெண்டின் தலையில் விழுந்தது. அந்த பில்லைச் சரிபார்த்தவள் நான். தண்ணீர் லாரி எண்ணிக்கை குறைந்திருப்பதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது என்பது ஒரு சாக்கு.

உமிச்சாம்பலில் ஒரு பை வாங்கி வந்திருக்கிறேன். சித்தி மோந்து பார்த்துவிட்டு, "இதுல பல்லு வெளக்குன வாய்தான் உன் தாத்தா வாய்" என்றார்.

நான்காம் நாள்: கீழ்வெண்மணி, அதற்கப்பால் கடற்கரை

இந்த நாளைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கீழ்வேளூரில் இறங்கிக் கீழ்வெண்மணிக்குப் போனேன். 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் ஓடி ஒளிந்தார்கள். நிலச்சுவான்தார்களின் ஆட்கள் அதற்குத் தீ வைத்தார்கள். அந்த 44 பேரும் இறந்துபோனார்கள்.

நினைவிடத்தில் பெயர்களைப் படித்துக்கொண்டு நின்றபோது, மூன்று நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றுவிட்டது. மண்சுவர் குளுமை, கீற்றுக் கூரையில் கரியே இல்லை, நம் முன்னோர் வாழவில்லையா என்றெல்லாம் நான் எழுதியிருக்கக்கூடும். இந்த டெல்டாவில் திண்ணையும் தேக்குத் தூணும் ஒரு சாராரின் முன்னோர் கதை. இன்னொரு சாராருக்கு முன்னோர் கதை என்பது எரிகிற கூரை.

அங்கிருந்து வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 கஜா புயல் அங்கேதான் கரையேறியது. ஒரு கிராமத்தில் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீடு லிண்டல் மட்டத்துக்கு வந்திருந்தது. 2024ல் அறிவித்த திட்டம். 360 சதுர அடி, மூன்றரை லட்ச ரூபாய், 2030க்குள் எட்டு லட்சம் வீடு என்பது இலக்கு. வீட்டுக்கார அக்கா தானே சித்தாளாக நின்று செங்கலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கஜாவின்போது பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தார்களாம்.

"காலையில வந்து பாத்தா கூரையும் இல்ல, சட்டி பானையும் இல்ல. தென்னை மரம் குறுக்கால கெடக்கு. இப்ப இந்தத் தளம் போட்டுட்டா நாங்க பாட்டுக்குக் கதவச் சாத்திக்கிட்டுத் தூங்குவோம், அக்கா."

என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்னை அக்கா என்றது வேறு உறுத்தியது. அவருடைய வீட்டுக்கு என் வாய்ப்பாடு: 144 மூட்டை. எங்கள் வீட்டின் 560 மூட்டையில் இப்படிக் கிட்டத்தட்ட நாலு வீடு கட்டிவிடலாம். இந்த 144ல் ஒரு மூட்டையைக்கூடக் குறைக்கச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஆனால் எந்த மூட்டை என்று சொல்ல உரிமை உண்டு, தொழில் அது. நாலு தெரு தள்ளி, சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் சிலவற்றைப் பார்த்தேன். கூரையின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பு மாதிரி தெரிகிறது. கட்டில் மேல் சாக்கு கட்டியிருக்கிறார்கள், சில்லு தலையில் விழாமல் இருக்க. உப்புக் காற்றில் கம்பியைக் காப்பாற்றுவதில் சுத்த சிமெண்டைவிடச் சாம்பலோ கசடோ கலந்த சிமெண்டுதான் மேல். உப்பை எளிதில் உள்ளே விடாது. அதாவது கரி குறைந்த சரக்கே இந்தக் கரைக்கு நல்ல சரக்கு, ஒழுங்காகப் பத்து நாள் நனைத்தால். கூரையைப் பதினைந்து வருஷத்தில் மறுபடி போடுவதாக இருந்தால் எவ்வளவு பசுமையான சிமெண்ட் வாங்கி என்ன?

அரியலூரில் தமிழ்நாடு அரசின் டான்செம் நிறுவனத்துக்கே சிமெண்ட் ஆலை இருக்கிறது. கிராமத்து வீடுகளுக்குப் பணம் கொடுப்பதும் அரசு. இரண்டு முனையும் ஒரே கையில் இருக்கும்போது, புதுவகை சிமெண்டுக்குச் சந்தையைத் தேடி எங்கே அலைய வேண்டும்? சிமெண்ட் கம்பெனிகள் எப்போதும் சொல்லும் சாக்கு, "கேட்க ஆள் இல்லை" என்பது. எட்டு லட்சம் வீடு கேட்கலாமே.

கடைசி பஸ்ஸில் நாகப்பட்டினம் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை.

ஐந்தாம் நாள்: தரங்கம்பாடி

உடம்பு அசதி. காரைக்கால் வழியாகப் போகும்போது நிலக்கரி லாரிகள், மூக்குக்கே தெரிகிறது.

டேனிஷ் கோட்டை 1620ல் ஆரம்பித்தது. செங்கல்லும் சுண்ணாம்பும். கடல் இருபதடி தூரத்தில் வந்து அறைகிறது போல இருக்கிறது. 400 வருஷம் நின்ற சுண்ணாம்பு, நாற்பது வருஷத்தில் உதிரும் கான்க்ரீட் என்று ஒரு வாட்ஸப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். முழுக்க நம்ப வேண்டாம். நின்றதைத்தான் நாம் பார்க்கிறோம், விழுந்தது கண்ணில் படாது. கோட்டையையும் பல தடவை பழுது பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில், 1306ல் கட்டியது, அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

ஆனால் ஒரு விஷயம் உண்மை. சுண்ணாம்புக் காரை இறுகுவதே காற்றிலிருந்து கரியமில வாயுவைக் குடித்துத்தான். சூளையில் விட்டதை வருஷக்கணக்கில் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. (விறகின் புகை திரும்பி வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.) கான்க்ரீட்டும் கொஞ்சம் குடிக்கிறது. குடிக்கக் குடிக்க அதன் காரத்தன்மை இறங்கி உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு விஷம். கம்பி இல்லாத சுவருக்கு அந்தக் கவலை கிடையாது. ஓட்டு வீட்டுச் சுவரில் ஏது கம்பி?

திரும்பும் வழியில் ஒரு மூட்டை சுட்ட கிளிஞ்சல் வாங்கினேன். பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்று சொல்லியிருந்தால் இறக்கியே விட்டிருப்பார், "கோலமாவு" என்றேன்.

ஆறாம் நாள்: வீடு

சித்தி எங்கேயோ விசாரித்து ஒரு கொத்தனாரைப் பிடித்து வைத்திருந்தார். எழுபது தாண்டியவர், டிவிஎஸ் 50ல் வந்தார். சுவரைத் தட்டினார், காரையை விரல் நகத்தால் கீறி நாக்கில் வைத்துப் பார்த்தார், துப்பினார்.

"முன்கட்டுக்கு ஒண்ணும் ஆகல. யாரு இடிக்கச் சொன்னது?"

சித்தப்பா தோட்டத்துப் பக்கம் பார்த்தார்.

கொத்தனார், விழுந்த மாட்டுக் கொட்டகைச் சுவரிலிருந்து செங்கல் ஒன்றை எடுத்து, கரண்டியால் ஒரு தட்டு. ஒட்டியிருந்த காரை தோலுரிந்த மாதிரி கழன்றது. கல் முழுசாகக் கையில். சிமெண்டில் கட்டிய சுவராக இருந்தால் கல்தான் உடையும், கலவை உடையாது; இடித்தால் லாரியில் ஏற்றிக் குளத்தில் கொட்டத்தான் ஆகும். எங்கள் கொட்டகையில் மட்டும் ஆயிரத்துச் சொச்சம் செங்கல் தேறும் என்றார். இது என் எஸ்டிமேட் எதிலும் இதுவரை வராத வரி: சூளைக்கே போகாத செங்கல்.

மத்தியானம் வரை பேச்சுவார்த்தை. முன்கட்டு அப்படியே இருக்கும். ஓடு பிரித்து, உளுத்த சட்டம் மாற்றி, மேலே கம்பிவலை, குரங்குக்காக. வலைச் செலவு என்னுடையது. பின்கட்டில் கொட்டகை இருந்த இடத்தில் சமையலறை, ஒரு படுக்கையறை, வழுக்காத தரையோடு கழிப்பறை, எல்லாம் சேர்த்து 420 சதுர அடி, கான்க்ரீட் தளத்தோடு. சித்திக்கு முட்டி வலி. முற்றத்தைத் தாண்டி ராத்திரி கொல்லைக்குப் போக முடியவில்லை என்பதை இந்த ஆறாம் நாள்தான் சொன்னார். சித்தப்பா நீட்டிய கொட்டேஷன் தாளின் 1,400க்குள் சித்தி கேட்டது இதுதான்.

420க்கு 168 மூட்டை. பிபிசி. பத்து நாள் தண்ணீர்.

மாடி இல்லை என்றதும் தம்பிக்குக் கோபம். "அப்ப எனக்குன்னு அங்க என்ன இருக்கு?" என்றான். கூடம் இருக்கிறது, பாய் இருக்கிறது என்றேன். போனை வைத்துவிட்டான். இது இன்னும் ஓயவில்லை.

சாயங்காலம் கிளிஞ்சலை நீற்றினோம். கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. சுட்ட கிளிஞ்சலைக் கொட்டி, என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கண்ணுக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு தூரத்திலிருந்து குடத்தைச் சாய்த்தார் கொத்தனார். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் சீறல். அப்புறம் குழி முழுக்கக் கொதிக்க ஆரம்பித்தது, அடுப்பே இல்லாமல். ஓடுகள் படபடவென்று வெடித்துப் பூவாக மலர்ந்து மாவாகின. ஆவி முகத்தில் அடித்தது. சித்தி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சாமி கும்பிட்டார்.

கடுக்காயும் வெல்லமும் எப்போது சேர்ப்பது என்று கேட்டேன். "அதெல்லாம் பூச்சுக்கு. மொதல்ல இது ஊறட்டும்" என்றார். காரை அரைக்கும் கல்செக்கு குளத்தங்கரையில் இரண்டாக உடைந்து கிடக்கிறது. இழுக்க மாடும் இல்லை. மிஷினில் கலந்து அப்புறம் உலக்கையால் குத்திக்கொள்ளலாம் என்று முடிவானது. என் பை உமிச்சாம்பலையும் காட்டினேன். தேய்த்துப் பார்த்தார். "கறுப்பா இருக்கே. கொல்லைச் சுவத்துல ஒரு முழம் பூசிப் பாப்போம், மழை தாங்குதான்னு" என்றார். என் ஆபீஸ் லேபிலும் இதைத்தான் சொல்வார்கள், இருபது பக்கத்தில்.

ஒரு மாதம் ஊற வேண்டும். சுண்ணாம்புக்கு மேல் நாலு விரல் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், காற்றுப் பட்டால் கட்டியாகிவிடும். ஈரச் சாக்கால் மூடியாகிவிட்டது. பங்குனியில் வருகிறேன் என்றேன்.

"தெனம் தண்ணி ஊத்தறது யாரு? நானா?" என்றார் சித்தப்பா. "இதுக்கு சிமெண்ட் மூட்டையே தேவல. பிரிச்சோமா போட்டோமான்னு இருக்கும்."

இதைக் கும்பகோணம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி அரைமணி லேட். இப்போதுதான் சித்தி போன் செய்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டாயா என்று கேட்டுவிட்டு, சித்தப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போயிருக்கிறார் என்றார். சாப்பிட்டதற்கப்புறம் இது இரண்டாவது தடவையாம்.